காலுக்குக் கீழே

மகபூலா கேம்பில் ஆள்கணக்கு எழுதுகிறவன் நான்.
வந்தவனுக்கு பி, வராதவனுக்கு ஏ,
படுத்தவனுக்கு எஸ்.
ஆகஸ்ட் நாலாம் தேதியிலிருந்து
பெலவேந்திரனுக்கு எஸ்.

பதினைந்து நாள் முழுச் சம்பளம்.
அதுவரை அறையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.
மேல்கட்டிலிலிருந்து அவனைக் கீழே இறக்கினோம்,
சீனி இல்லாமல் சுலைமானி போட்டுக் கொடுத்தோம்,
கட்டுப் பிரித்த நாற்றத்துக்கு
ஏசியைக் குற்றம் சொன்னோம்.

பதினாறாம் நாள் முக்கால்.
அதற்கென்று எக்செல்லில் ஒரு கட்டம் இருக்கிறது.
எண்ணைத் தட்டினால்
மிச்சத்தை அதுவே கழித்துக்கொள்ளும்.
யாரும் யாரையும் வெட்டுவதில்லை.

அரைக்கு வந்த அன்றைக்குத்தான்
பர்வானியா ஆஸ்பத்திரியில்
இடது பாதத்தில் இரண்டு விரலை எடுத்தார்கள்.
"இன்னும் எட்டு இருக்கு கணக்கப்பிள்ளை,
எழுதிக்கோ" என்றான்.
சிரித்தான். நானும் சிரித்தேன்.
பிறகு கழிவறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

முப்பத்தாறாம் நாள்
அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை.
வேறு சொல் தேடி
"நாலில் ஒரு பங்கு" என்றேன்.
அவனே சொன்னான்:
"காலுக்குக் கால். சரியாப் போச்சு."

சட்டத்தில் காலுக்குக் கீழே எதுவுமில்லை.
நேராகச் சுழி, முப்பது நாள்.
நம் பழைய கணக்கில் உண்டு:
அரைக்கால், வீசம், காணி, முந்திரி.
முந்நூற்றிருபதில் ஒரு துணுக்குக்கும் பெயர் வைத்தவர்கள்
யாருக்கு அளந்து கொடுக்க வைத்தார்களோ.
சுழி தொடங்கிய இரவு
அறையில் ஏழு பேரும் ஆளுக்கொரு தினார் போட்டோம்.
அவன் தொண்ணூறில் இந்த ஏழு என்ன பின்னம் என்று
மனசு தானாகப் போட்டுப் பார்த்தது.
வீசத்துக்கு மேல். அரைக்காலுக்குக் கீழ்.

அறுபத்தோராம் நாள் மந்தூப் வந்தான்
ஒரு தாளோடு.
லீவு நீட்டிக்கிற தாளாம்.
அரபியில் எனக்கு எண்களும்
ஏழெட்டுச் சொற்களும் தெரியும்.
மூன்றாம் வரியில் இஸ்திகாலா.
என் விருப்பப்படி விலகுகிறேன்.

எழுபத்தைந்து முடியாமல் அவனை அனுப்பக் கூடாது.
முடிந்தபின் அனுப்பினால்
ஒன்பது வருஷத்துப் பணம் முழுசாக வைக்கவேண்டும்.
அவனே போனால் மூன்றில் ஒன்று மிச்சம் அவர்களுக்கு.

மந்தூப் பேனாவின் மூடியைத் தானே கழற்றி
மரியாதையாக நீட்டினான்.
சுவர் நாள்காட்டியைப் பார்த்தபடி,
மழை வருமா என்று கேட்கிற குரலில்,
தமிழில் சொன்னேன்: "கை வைக்காதே."

பெலவேந்திரன் பேனாவை வாங்கினான்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
மூடியைக் கேட்டு வாங்கிப் போட்டு
திருப்பிக் கொடுத்தான்.
"புக்ரா" என்றான்.
ஒன்பது வருஷமாக இந்த ஊர் ஆபீஸ்கள்
அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சொல்.

இன்று எழுபத்திரண்டு.
ஷூனில் டோக்கன் எடுத்து உட்கார்ந்திருக்கிறோம்.
ஒரு காலில் செருப்பு,
இன்னொன்றில் பாலித்தீன் சுற்றிய துணி.
பக்கத்து பெஞ்சு எகிப்துக்காரன்
நகர்ந்து இடம் விடுகிறான்,
இரக்கத்தாலா நாற்றத்தாலா தெரியவில்லை.

என் சட்டைப்பையில் ஒரு நகல்.
ஸ்டோர் பதிவேடு, மார்ச் மாதம்.
சேஃப்டி ஷூ: கேட்டது ஒன்பது, கொடுத்தது எட்டு.
"இதைப் போட்டுச் சமாளி, அடுத்த லோடில் வரும்"
என்றவன் நான்.
ஷூ கடித்த புண் என்று எழுதியிருந்தால்
அது வேலைக்காயம்.
சட்டத்தில் வேறு பக்கம், வேறு கணக்கு.
சுகவீனம் என்று போடச் சொன்னார்கள்.
ஒரே ஒரு எழுத்துதானே,
போட்டேன்.

அவனுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.
கேட்டதில்லை அவன்.
பலகையில் இருநூற்று ஒன்பது ஓடுகிறது.
எங்களுடையது இருநூற்றுப் பதினான்கு.
தாளை நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.
அடியில் என் கையெழுத்து.